தலைகீழாகச் செய்தால் போதுமா?

பழுதுபார்ப்புக் கையேடுகளில் ஒரு வாக்கியம் தவறாமல் வரும்: கழற்றிய வரிசையைத் தலைகீழாகச் செய்து பூட்டுக. செயலறிவு முழுவதையும் எழுத்தில் அடக்கிவிடலாம் என்னும் நம்பிக்கையின் சுருக்கம் அது. பின்புறம் எஞ்சின் கொண்ட பழைய ஃபோக்ஸ்வாகன் பீட்டில் அந்நம்பிக்கையைக் கலைக்கிறது.

அதன் கியர்பாக்ஸை இறக்க, முதலில் எஞ்சினை இறக்க வேண்டும். அதைக் கியர்பாக்ஸுடன் பிணைப்பவை நான்கே போல்ட்டுகள். பின்னிருக்கைக்கு அடியிலுள்ள கியர்த்தண்டு இணைப்பு, கிளட்ச் கேபிள், ஸ்டார்ட்டர் ஒயர்கள், தாங்கிகள் என ஒவ்வொன்றாக விடுவித்தால் கழற்றல் முடிகிறது.

பூட்டுதல் வேறு வேலை. கியர்பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட், கிளட்ச் தட்டின் நடுத்துளைப் பற்களுக்குள் நுழைய வேண்டும். தட்டு மையம் விலகியிருந்தால் நுழையாது. எஞ்சினின் எடை ஷாஃப்டின்மேல் தொங்கினால் தட்டு சேதமாகும். போல்ட்டை முறுக்கி இழுத்து நெருக்குவதும் பிழையே. எஞ்சினை மெல்ல அசைத்து, கிராங்க் ஷாஃப்டைச் சற்றே திருப்பி, அது அமரும் கணத்தைக் கை உணர வேண்டும்.

சொல்லில் அடங்காத அறிவு குறித்து மைக்கேல் பொலானி 1966இல் நூல் எழுதினார். 1969இல் ஜான் மியூர், கருவி பிடித்தறியாதவர்களுக்காக ஃபோக்ஸ்வாகன் பழுதுபார்ப்புக் கையேடு எழுதினார். முன்னதை மேற்கோள் காட்டும் ஆய்வுலகம் பின்னதை அறிவுநூலாக ஏற்கத் தயங்குகிறது. பொறியியல் தேர்வுத்தாளும் கழற்றும் வரிசையை மட்டுமே கேட்கிறது. பட்டறைத் தொழிலாளியைத் தகவலாளி என்று அடிக்குறிப்பில் நிறுத்தும் ஆய்வேடுகள், அவரை ஆசிரியராக ஏற்கும் நாளில்தான் அந்தக் கையின் அறிவு வகுப்பறைக்குள் வரும்.