கோழிக் கொட்டகைக்கு மோட்டார் கதவு: விரலும் நசுங்கக் கூடாது, கீரியும் நுழையக் கூடாது!

“நாட்டுக்கோழிக் கொட்டகைக்கு, காலையில் தானாகத் திறந்து மாலையில் தானாக மூடும் சிறிய கதவு ஒன்றை நானே செய்து வருகிறேன். பழைய கார் வைப்பர் மோட்டார், 12 வோல்ட் பேட்டரி, டைமர் ஆகியவற்றைப் பயன்படுத்துகிறேன். வீட்டில் நான்கு வயதுப் பேத்தி இருக்கிறாள். முட்டை எடுக்க அந்த வழியாகத்தான் கையை விடுவாள். என்னென்ன பாதுகாப்பு ஏற்பாடுகள் தேவை?”

- வாசகர், பல்லடம், திருப்பூர் மாவட்டம்.

‘12 வோல்ட்தானே, ஷாக் அடிக்காது’ என்ற தைரியத்தில்தான் பலரும் இந்த வேலையில் இறங்குகிறார்கள். ஷாக் அடிக்காது என்பது உண்மைதான். ஆனால், கதவு விஷயத்தில் ஆபத்து வோல்டேஜில் இல்லை, மோட்டாரின் இழுவிசையில் இருக்கிறது. வைப்பர் மோட்டாரில் உள்ள வார்ம் கியர், வேகத்தைக் குறைத்து விசையைப் பல மடங்கு கூட்டிவிடும். நீண்டு சுருங்கும் ‘லீனியர் ஆக்சுவேட்டர்’ இன்னும் பலமானது. சந்தையில் பரவலாகக் கிடைப்பவையே 50 முதல் 150 கிலோ எடையைத் தள்ளக்கூடியவை. இடையில் சிக்கியது கட்டையா, கோழியின் கழுத்தா, குழந்தையின் விரலா என்று மோட்டாருக்குத் தெரியாது.

முதல் வேலை: முட்டைக்கு வேறு வழி

மோட்டாரைத் தொடுவதற்கு முன், குழந்தை அந்தக் கதவுக்குள் கைவிட வேண்டிய தேவையையே இல்லாமல் செய்துவிட வேண்டும். கொட்டகையின் மறுபக்கச் சுவரில் முட்டைப் பெட்டி வைத்து, வெளியிலிருந்து திறக்கும் மூடி போட்டுவிட்டால் போதும். மோட்டார், கயிறு சுற்றும் உருளை, கப்பி மூன்றையும் கைக்கு எட்டாத உயரத்தில் வைத்து, தகரத்தாலோ பலகையாலோ மூட வேண்டும். கதவைவிட, கயிறு உருளையில் ஏறும் இடத்தில்தான் விரல் எளிதாகச் சிக்கும்.

மோட்டார் தூக்கட்டும், கதவு தானாக இறங்கட்டும்

கதவை மூடும் வேலையை மோட்டாரிடம் கொடுக்கவே கூடாது. இருபக்கச் சட்டத்தில் மேலும் கீழும் நகரும் கதவாக அமைத்து, கயிற்றால் தூக்க வேண்டும். மூடும்போது மோட்டார் கயிற்றைத் தளர்த்த மட்டும் செய்யும். கதவு தன் எடையில் மெதுவாக இறங்கும். நடுவில் கோழி நின்றால், அதன் முதுகில் கதவின் எடை மட்டும்தான் உட்காரும். ஓர் அடி அகலக் கதவுக்கு அரைக் கிலோ முதல் முக்கால் கிலோ எடை போதும். கயிறு அறுந்து விழுந்தாலும் பெரிய காயம் வராது. இரும்புத் தகடு வேண்டாம். பிளைவுட் அல்லது பி.வி.சி பலகையில் செய்து, அடி விளிம்பில் பழைய சைக்கிள் டியூபை மடித்து ஒட்டிவிடலாம். கம்பியைத் திருகி இறக்கும் அமைப்பும், லீனியர் ஆக்சுவேட்டரும் மூடும்போதும் தள்ளும் என்பதால், இதற்கு ஏற்றவை அல்ல.

எடை குறைந்த கதவைக் கீரியும் நாயும் கீழிருந்து தூக்கிவிடும் என்ற பயம் நியாயமானது. அதற்காக எடையைக் கூட்டக் கூடாது; தாழ்ப்பாள் போட வேண்டும். கயிறு நேராகக் கதவைத் தூக்காமல், கதவின் மேல் உள்ள சிறிய நெம்புத் தாழ்ப்பாளை முதலில் இழுக்கும்படி கட்ட வேண்டும். கயிறு தளர்ந்ததும் தாழ்ப்பாள் பக்கச் சட்டத்தில் உள்ள பள்ளத்தில் சாய்ந்து பூட்டிக்கொள்ளும். பிறகு கயிற்றை இழுத்தால்தான் கதவு திறக்கும்.

நிற்கத் தெரிய வேண்டும்

கதவு மேலே முட்டும் இடத்திலும், கீழே தொடும் இடத்திலும் லிமிட் சுவிட்ச் வைக்க வேண்டும். சாதாரண நிலையில் இணைப்பில் இருந்து, அழுத்தினால் துண்டிக்கும் வகையில் வயரிங் செய்ய வேண்டும். அப்போதுதான் எலி வயரைக் கடித்துவிட்டாலும் மோட்டார் நின்றுவிடும். சுவிட்சை மட்டுமே நம்பவும் கூடாது. கதவு இறங்க 20 விநாடி ஆகிறது என்றால், 30 விநாடியில் எப்படியும் மோட்டார் நிற்கும்படி கட்டுப்பாட்டில் ஒரு காலவரம்பு தேவை. அதற்குள் கதவு கீழே சேரவில்லை என்றால் ஏதோ தடுக்கிறது என்று அர்த்தம். கதவு மேலே போய், சில நிமிடங்கள் கழித்து ஒரு முறை முயல வேண்டும். மறுபடியும் தடுத்தால், திறந்தபடி நின்று பஸ்ஸர் அடிக்க வேண்டும்.

மின்சாரம் போய் வந்த உடனே கதவு அசையக் கூடாது. பேட்டரி இணைப்பைக் கழற்றி மாட்டிப் பார்த்து, இதை உறுதி செய்துகொள்ள வேண்டும். வார்ம் கியர் மோட்டார் நின்றால் கையால் சுற்ற வராது. அதனால் கயிற்றில் ஒரு கொக்கி இருக்கட்டும். கழற்றினால் கையாலேயே கதவைத் திறக்க முடியும். பக்கத்திலேயே ஒரு மெயின் சுவிட்சும் வேண்டும். பழுது பார்க்கும்போது முதலில் அணைக்க வேண்டியது அதைத்தான்.

தீயை மறக்கக் கூடாது

ஆழ்கூளத்தில் இருப்பது உமி, கடலைத்தோல், தேங்காய் நார்க்கழிவு. எல்லாமே காய்ந்த எரிபொருள். 12 வோல்ட் பேட்டரியின் இரு முனைகளும் உரசினால் மெல்லிய வயர் பழுத்துத் தீப்பிடிக்கும். பேட்டரியின் பாசிட்டிவ் முனைக்கு மிக அருகிலேயே ஃபியூஸ் போட வேண்டும். மோட்டார் எடுக்கும் ஆம்பியரைவிடச் சற்றுக் கூடுதலான வாகன ஃபியூஸ் போதும். வயரை பி.வி.சி குழாய்க்குள் கொண்டுபோக வேண்டும். பேட்டரி கொட்டகைக்கு வெளியே, காற்றோட்டமான பெட்டியில் இருக்கட்டும். சார்ஜரை வீட்டுக்குள் வைத்து 12 வோல்ட்டை மட்டும் வெளியே எடுத்து வர வேண்டும். சார்ஜர் இருக்கும் லைனில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி இருப்பது நல்லது.

எப்போது மூடுவது?

மேற்கு மாவட்டங்களில் கார்த்திகையில் 6 மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். ஆனியில் 6.45 மணியைத் தாண்டிவிடும். டைமரில் ஒரே நேரத்தை வைத்தால், ஒரு பருவத்தில் கோழிகள் வெளியே மாட்டிக்கொள்ளும். வெளிச்சத்தை உணரும் சென்சார் வைத்து, இருட்டிய பிறகு இருபது, முப்பது நிமிடம் கழித்து மூடும்படி செய்யலாம். மேகம் மூடும் மதியத்தில் கதவு இறங்காமல் இருக்க, ‘மாலை 5 மணிக்கு முன் மூடாதே’ என்ற நிபந்தனையையும் சேர்க்க வேண்டும்.

வெண்டைக்காய் சோதனை

கோழியை விடுவதற்கு முன், இறங்கும் கதவுக்கடியில் ஒரு பிஞ்சு வெண்டைக்காயை வைக்க வேண்டும். அது நசுங்கினால் அந்தக் கதவு வேலைக்கு ஆகாது. பிறகு சமையலறைத் தராசை அடியில் வைத்தால், கதவு எத்தனை கிராம் அழுத்துகிறது என்பது தெரிந்துவிடும். கதவின் எடையைவிட அதிகமாகக் காட்டினால் மோட்டார் தள்ளுகிறது என்று பொருள். முதல் ஒரு வாரம், தினமும் மாலையில் ஆள் நின்று பார்க்க வேண்டும். பிறகு மாதம் ஒரு முறை இதே சோதனையைச் செய்ய வேண்டும்.

இந்த அமைப்பு கோழிக் கதவுக்கு மட்டும்தான். இதையே பெரிதாக்கி மாட்டுக் கொட்டகைக்கோ, வாசல் கேட்டுக்கோ பொருத்தக் கூடாது. குழந்தைகள் சிக்கி இறந்ததால், வீட்டு கராஜ் கதவை இயக்கும் கருவிகளுக்கு அமெரிக்காவில் தனி விதியே போட்டார்கள். 1993-ம் ஆண்டு முதல் தயாராகும் கருவிகள், தடை பட்டதும் 2 விநாடிக்குள் கதவைத் திருப்பி ஏற்ற வேண்டும். ஆள் நடக்கும் கதவு என்றால் அனுபவமுள்ளவர்களிடம் கொடுப்பதுதான் சரி.