தோட்டம் பார்த்துக்கொள்ளாது

மலையகத் தோட்டத் தொழிலாளருக்கு வேலையும் லயன் எனப்படும் வரிசை வீடும் நிர்வாகத்தின் மருந்தகமும் இருப்பதால், கொள்ளைநோய்க் காலத்தில் அரசின் நிவாரணம் அவர்களுக்கு அவசியமில்லை, தோட்டமே பார்த்துக்கொள்ளும் என்னும் நம்பிக்கை இலங்கையில் அதிகாரிகளிடம் மட்டுமன்றிப் படித்தோரிடமும் வேரூன்றியிருக்கிறது. கொரோனாப் பெருந்தொற்று அதைப் பொய்யென்று காட்டிய பின்னரும் அது கைவிடப்படவில்லை.

2020 மார்ச் 20ஆம் திகதி நாடெங்கும் ஊரடங்கு பிறப்பிக்கப்பட்டபோது பெருந்தோட்டத் தொழிலுக்கு விலக்கு அளிக்கப்பட்டதால், மஸ்கெலியா மலைகளில் கொழுந்து பறிப்பு நிற்கவில்லை. வேலை இருக்கிறது, ஆகவே வருமானமும் இருக்கும் என்று பலர் முடிவுகட்டினர். ஆனால் தோட்டத்துச் சம்பளம் மாதத்துக்கு உரியதன்று, 'பேருக்கு' உரியது. அதாவது செக்ரோல் எனப்படும் வரவுப் பதிவேட்டில் பேர் விழுந்த நாளுக்கே கூலி, நிர்ணயித்த கிலோவுக்குக் கொழுந்து குறைந்தால் அரைப்பேர்தான். அடிப்படை நாட்சம்பளம் 700 ரூபாயாக இருந்த அக்காலத்தில், பதினான்கு நாள் தனிமைப்படுத்தலில் பன்னிரண்டு பேரை இழந்த ஒருவருக்கு 8,400 ரூபாய் போயிற்று. அரசு ஏப்ரலிலும் மே மாதத்திலும் வழங்கிய கொடுப்பனவோ 5,000 ரூபாய். அதுவும் பெரும்பாலும் 1995இல் தொடங்கிய சமுர்த்தி என்னும் வறுமை நிவாரணத் திட்டத்தின் பட்டியல் வழியே சென்றது. நிரந்தர வருமானம் உடையவை என்று கருதப்பட்ட தோட்டக் குடும்பங்கள் பல அப்பட்டியலில் இடம்பெறவே இல்லை.

செக்ரோலில் பெயருள்ளவர் மட்டுமே லயனில் வாழ்வதில்லை. ஓய்வுபெற்ற முதியோர், கைகாசுக்குக் கொழுந்தெடுக்கும் பெண்கள், கொழும்புக் கடைகளிலும் வீடுகளிலும் வேலையிழந்து திரும்பிய பிள்ளைகள் எல்லாரும் பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவிலும் அதன் முன்னுள்ள இஸ்தோப்பிலும் முடங்கி, பல குடும்பங்களுக்குப் பொதுவான பீலியில் நீர் பிடிக்கும் இடத்தில், தனித்திருக்கச் சொல்லும் அறிவுரை நிறைவேற்றவே இயலாதது.

தோட்டமே பார்த்துக்கொள்ளும் என்னும் நம்பிக்கைக்குச் சட்டமும் துணைநின்றது. தோட்ட மருத்துவத்தை நிர்வாகத்தின் கடமையாக்கிய 1912ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் குடியேற்ற ஆட்சியின் ஏற்பாடு. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டமோ, 2018இல் திருத்தப்படும்வரை, தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபை நிதியைச் செலவிடத் தடையாக இருந்தது. 1992இல் தோட்ட நிர்வாகம் தனியார் கம்பனிகளிடம் சென்றபின், கம்பனி அரசைக் காட்டவும் அரசு கம்பனியைக் காட்டவும் வசதியாயிற்று. வரியும் வாக்கும் தரும் குடிமக்களை, நோய் வந்த நாளில் மட்டும், முதலாளியின் பொறுப்பென்று ஒதுக்குவது அநீதி. அடுத்த தொற்று வருமுன்னரே கிராம உத்தியோகத்தர்கள் லயன் லயனாகச் சென்று, செக்ரோலைப் பாராமல், அங்கு வாழும் ஒவ்வொருவரையும் நிவாரணப் பட்டியலில் பதிய வேண்டும்.