அடைப்பு எடுத்தாச்சு, அப்புறம்?

எங்க தாய்மாமாவுக்கு நெஞ்சுவலி வந்தது ஏலத்தோட்டத்தில். விடியக்காலை போடியில ஜீப் ஏறி, 17 கொண்டை ஊசி வளைவு தாண்டி போடிமெட்டு, அங்கிருந்து பூப்பாறைப் பக்கம் போய் காய் எடுக்கிற ஆட்களைப் பார்த்துக்கிற வேலை. வாயுன்னு நினைச்சு சோடா குடிச்சிருக்கார் மனுஷன். சாயங்காலம் ஜீப் இறங்கும்போதுதான் அவரும் இறங்கினார்.

எந்த ஆஸ்பத்திரின்னு சொல்லப்போறதில்லை. ஸ்டென்ட் வச்சாங்க. அஞ்சாம் நாள், "அடைப்பை எடுத்தாச்சு தம்பி, மாமா ஜம்முனு இருக்கார், கூட்டிட்டுப் போங்க" என்றார் டாக்டர். நாங்களும் கும்பிடு போட்டுட்டு வந்தோம். எட்டாம் மாசம் வீட்டு மாடிப்படி ஏற முடியலை, மூச்சிரைப்பு. எக்கோ எடுத்த வேற டாக்டர் சொன்னார்: "இதயம் பெருசாயிடுச்சு."

ஏதோ திடீர்னு வந்த மாதிரி எல்லாரும் உச்சு கொட்டினாங்க. எனக்கு அங்கேதான் கோபம். பழைய ஃபைலைத் தூசி தட்டிப் பார்த்தேன். முன்பக்கச் சுவரில் பெரிய அட்டாக். முதல் நாள் நாடித்துடிப்பு 112, வீட்டுக்கு அனுப்பும்போது 104. இரண்டு நுரையீரல் அடியிலும் கொரகொர சத்தம்னு ஒரு பக்கத்தில் எழுதியிருக்கு. எல்லாம் இருக்கு. சேர்த்துப் பார்க்கத்தான் ஆளில்லை.

விஷயம் ரொம்ப சிக்கலில்லை. அட்டாக்கில் செத்துப்போன தசை ஆறும்போது மெலிசாகி இழுபடும். ஏலக்காய் மூட்டையில் நைஞ்சுபோன சாக்கு மாதிரி. நல்லா இருக்கிற தசை மீதி பாரத்தையும் தூக்கி, அதுவும் நாளடைவில் விரிஞ்சுபோகும். அட்டாக் பெருசா இருந்தா இந்த ஆபத்தும் பெருசு. அதுக்கு முதல் சில நாளிலேயே அடையாளம் காட்டும்: குறையாத நாடித்துடிப்பு, நுரையீரலில் நீர் சத்தம், குதிரை ஓடுற மாதிரி மூணாவது இதய ஒலி. கில்லிப், கிம்பல்னு ரெண்டு அமெரிக்க டாக்டர்கள் 1967-லேயே 250 நோயாளிகளை இந்த மாதிரி அடையாளங்களை வச்சு நாலு வகுப்பாப் பிரிச்சாங்க. எந்தச் சத்தமும் இல்லாத முதல் வகுப்பில் இறந்தவங்க 6 சதவீதம், கொரகொர சத்தம் வந்த ரெண்டாவதில் 17. ஸ்டெதாஸ்கோப்புக்கு என்ன கரண்ட் பில்லா வருது?

ஒரு டாக்டர் நண்பர்கிட்ட சண்டை போட்டேன். "இந்த அடையாளம் எதுவும் இல்லாதவங்களுக்கும் பெருசாகும்ப்பா, இதை மட்டும் வச்சு ஜோசியம் சொல்ல முடியாது" என்றார். ஒத்துக்கறேன். அப்படின்னா இன்னும் கவனமா இருக்கணும், இல்லையா? அனுப்புறதுக்கு முன்னாடி ஒரு எக்கோ, ஆறு வாரத்திலிருந்து மூணு மாசத்துக்குள்ள இன்னொண்ணு. இதில் என்ன கஷ்டம்?

தெரிஞ்சு என்ன பண்ணப்போறோம்னும் சிலர் கேட்பாங்க. 1992-ல் வந்த 'சேவ்' ஆய்வு 2,231 பேரிடம் நடந்தது. எல்லாருக்கும் அட்டாக்கில் இதயம் பலவீனமாகியிருந்தது, ஆனா வெளியே 'ஜம்முனு' இருந்தாங்க. கேப்டோபிரில் மாத்திரை கொடுத்ததில் மரணம் 19 சதவீதம் குறைஞ்சது. அது சாதாரண பழைய மாத்திரை.

மாமாவுக்கும் அந்த வகை மாத்திரை எழுதியிருந்தாங்க. வறட்டு இருமல் வந்தது, மலைக்குளிர்னு நினைச்சு அவரே நிறுத்திட்டார்! அந்த மாத்திரைக்கு அப்படி இருமல் வரும், வந்தா வேற மாத்திரை இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லலை யாரும். வால்சார்டன் அதுக்குச் சமமா வேலை செய்யுதுன்னு 2003-லேயே ஆய்வு வந்தாச்சு.

சும்மா சொல்லக்கூடாது, 2023-ல் தமிழக அரசு 'இதயம் காப்போம்' திட்டம் கொண்டுவந்து, ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் மாத்திரைகளைக் கொடுக்க வச்சது. நல்ல காரியம். அது முதல் மணி நேரத்துக்கு. வீட்டுக்கு வந்த பிறகான எட்டு மாசத்துக்கு யார் பொறுப்பு?

நான் கேட்கிறது ஒரு வரி. டிஸ்சார்ஜ் தாளில் தமிழில் எழுதுங்க: இவர் இதயம் பெருசாக வாய்ப்பிருக்கு, இன்ன தேதியில் எக்கோ, இந்த மாத்திரையைக் கேட்காம நிறுத்தாதே, இப்போதைக்கு மூட்டை தூக்காதே.

மாமாவுக்கு மாத்திரையை மாத்தியாச்சு. மலைக்குப் போறதில்லை. உடம்பில் நீர் கோர்த்தா எடை ஏறும்னு புது டாக்டர் சொன்னதால, தினம் காலையில் பக்கத்துக் காய்க் கடைத் தராசில் ஏறி நின்னு நோட்டில் எழுதுறார். அஞ்சு மணிக்கு ஜீப் ஹாரன் கேட்டா மட்டும் வாசலுக்கு வந்து நிப்பார்.