ஓலைக் கணக்கும் இணையக் கோப்பும்

ஆர்க்காட்டு நவாப் முகம்மது அலி வாலாஜா 1763-இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு அளித்த செங்கற்பட்டு ஜாகீரை, 1767 முதல் 1774 வரை பர்னார்டு என்னும் பொறியாளர் அளந்தார். ஏறத்தாழ 2,000 ஊர்களின் நிலமும் வீடும் மானியமும் ஓலையில் தமிழில் பதிவாயின. இருநூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின்னரும் அவ்வோலைகளைப் படிக்க முடிகிறது. ஓலையில் கீறியதைத் திருத்தினால் தழும்பு தெரியும். காகிதக் கோப்பிலும் எழுத்தர் குறிப்பும் மேலதிகாரியின் மறுப்பும் ஒப்பத்தோடு தங்கும்.

இன்றோ, பலர் ஒருங்கே ஒரு வரைவைத் திருத்தும் இணையக் கூட்டுப் பணித்தளங்கள் அலுவலகங்களுள் புகுந்துள்ளன. அவற்றின் விரைவை நாம் வெறுக்கவில்லை. (கோப்பு நகராமல் தவித்தோர் எவரும் வெறுக்கமாட்டார்!) ஆயினும் அங்கே நேற்றைய வரியின்மேல் இன்றைய வரி அமர்ந்துவிடுகிறது. பழைய வடிவங்கள் எத்துணைக் காலம் இருக்கும்? அலுவலர் மாறுதலாகிச் சென்றபின் யார் பொறுப்பு?

மாமல்லபுரக் கடற்கரையை எண்ணிப் பாருங்கள். கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதிகள் 1991 முதல் நடப்பில் உள்ளன. வரைபடத்தில் உயர் அலைக்கோடு எங்கே விழுகிறது என்பதைப் பொறுத்தே மீனவர் மனைக்கு அனுமதி. வரைவுக்கு வரைவு அக்கோடு நகர்ந்திருப்பின், நகர்த்தியவர் யார், ஏன் என்று வினவ மீனவருக்கு உரிமையுண்டு. விடை அழிந்த வடிவத்தில் கிடந்தால் அவ்வுரிமையால் யாது பயன்?

1993-ஆம் ஆண்டின் நடுவண் பொது ஆவணச் சட்டம் கணினியில் உருவாவதையும் ஆவணமென்றே கொள்கிறது. மாநில அலுவலகங்களை அது கட்டுப்படுத்தாது. தமிழக அரசு தனியே சட்டம் இயற்றட்டும். முடிவு எட்டிய அன்றே, திருத்த வரலாறு முழுவதும் அலுவலகக் கோப்பில் சேர்க்கப்பட்டுப் பூட்டப்பட வேண்டும். அதற்குப் பெயர் சுட்டிய பொறுப்பாளர் ஒருவர் வேண்டும்.