எண்ணெய் பூசுவது இழிவா?



“வைத்தியனுக்குக் கொடுப்பதை வாணியனுக்குக் கொடு” என்பது நம் முன்னோர் வாக்கு. இன்று நம்மவருள் பலர் வாணியனை மறந்துவிட்டனர். அவருக்குச் சேர வேண்டிய காசு சிவப்பழகுப் பூச்சு விற்பவரின் பைக்குப் போகிறது.

கைகால்களில் தேங்காய் எண்ணெய் தடவிப் பள்ளிக்கு வரும் பிள்ளையைச் சக மாணவர்கள் கேலி செய்கின்றனர். மறுநாளே அப்பிள்ளை எண்ணெய் வேண்டாமென்று அடம்பிடிக்கிறது. பெற்றோரும் இணங்கி, மணக்கும் பூச்சொன்றை வாங்கித் தருகின்றனர். எண்ணெய் பட்டிக்காட்டுத்தனம், பூச்சு நாகரிகம் என்று ஏழு வயதுப் பிள்ளைக்குக் கற்பித்தவர் யார்? பாடநூலில் அப்படி ஒரு பாடம் இல்லை. வீட்டுத் தொலைக்காட்சியும் பெரியவர்களின் வாயும்தான் அதைக் கற்பித்தன.

எண்ணெய் செய்யும் வேலையை முதலில் அறிவோம். நம் தோலின் மேலடுக்கு ஒரு செங்கற்சுவர் போன்றது. உயிரணுக்கள் செங்கற்கள்; அவற்றுக்கு இடையே உள்ள கொழுப்புப் பொருள் சாந்து. சவர்க்காரமும் சுடுநீரும் அச்சாந்தை அரிக்கின்றன. குளிரூட்டிய அறையின் வறண்ட காற்று ஈரத்தை உறிஞ்சுகிறது. குளித்தபின் தோல் முற்றும் உலருமுன் தடவும் எண்ணெய் இடைவெளிகளை நிரப்பி, நீர் வெளியேறுவதைக் குறைக்கிறது.

இதைப் பாட்டி வைத்தியம் என்று தள்ளிவிட முடியாது. வறண்ட தோலுடைய 34 பேரிடம் பிலிப்பீன்சில் நடந்த ஆய்வு 2004-இல் வெளிவந்தது. கனிம எண்ணெய்க்கு நிகராகத் தேங்காய் எண்ணெயும் பயன் தந்தது. தோல் அழற்சி கொண்ட 117 பிள்ளைகளிடம் எட்டு வாரம் நடந்த மற்றோர் ஆய்வு 2014-இல் வெளிவந்தது. அதில் தேங்காய் எண்ணெயே மேலான பலனைத் தந்தது.

பெற்றோரே, நீங்கள் பேரங்காடியில் வாங்கும் பூச்சுப் புட்டியைத் திருப்பி, பின்புறத்தைப் படித்துப் பாருங்கள். ‘கோக்கோஸ் நூசிஃபெரா’ என்றிருந்தால் அது தென்னை. ‘எலாயிஸ் கினீன்சிஸ்’ என்றிருந்தால் அது நம் தாத்தா பாட்டியர் தோட்டங்களில் குலை வெட்டிச் சுமந்த எண்ணெய்ப்பனை. உதட்டுச் சாயத்தில் காணும் ‘ரிசினஸ் கம்யூனிஸ்’ வேறொன்றுமன்று, நாம் முகஞ்சுளிக்கும் விளக்கெண்ணெய்தான்! உதட்டுப் பூச்சு உருகாமல் நிற்கப் பிரேசில் நாட்டுப் பனை இலையின் கார்னோபா மெழுகு உதவுகிறது. பெரிதாக விளம்பரம் செய்யப்படும் ஹொஹோபா எண்ணெயும் உண்மையில் ஒரு நீர்ம மெழுகே. நம் தோல் தானே சுரக்கும் மெழுகை ஒத்தது. வீட்டில் இருக்கும்போது இழிவாகத் தோன்றும் எண்ணெய், இலத்தீன் பெயர் சூட்டிக்கொண்டு புட்டியில் வந்தால் மட்டும் உயர்வாகிவிடுமா?

இதில் காசு வீணாவது சிறிய இழப்பு. வெளுக்க வைக்கும் பூச்சுகளால் வருவது பெரிய கேடு. நம் சுகாதார அமைச்சின் கீழ் இயங்கும் என்.பி.ஆர்.ஏ., பாதரசமும் ஹைட்ரோகுயினோனும் கலந்த பூச்சுகளின் பெயர்களை அவ்வப்போது அறிவித்துத் தடை செய்து வருகிறது. பாதரசம் தோலில் நிறமி உருவாவதைத் தடுக்கிறது. முகம் வெளுப்பது அதனால்தான். அதே பாதரசம் உடலுக்குள் சென்று சிறுநீரகத்தையும் நரம்பு மண்டலத்தையும் கெடுக்கிறது. தாய் பூசினால் அவர் கை வழியாகவும் துண்டு வழியாகவும் பிள்ளையையும் சேர்கிறது. மினாமாட்டா உடன்படிக்கை நாடுகள் 2023-இல் கூடி, பாதரசம் சேர்த்த ஒப்பனைப் பொருள்களை 2025-க்குள் முற்றாக ஒழிக்க முடிவெடுத்தன. அப்படியிருந்தும் சிட்டையில்லாத டப்பாக்களை இணையத்திலும் இரவுச் சந்தையிலும் தேடி வாங்குவது என்ன அறிவுடைமை?

‘இயற்கை’ என்ற சொல்லைக் கண்டவுடன் கண்ணை மூடிக்கொள்வதும் அறிவுடைமையன்று. ஆலிவ் எண்ணெய் தோலின் காப்பரணைத் தளர்த்துவதாகவும், சூரியகாந்தி எண்ணெய் அதனைக் காப்பதாகவும் ஷெஃபீல்டு பல்கலைக்கழக ஆய்வு 2013-இல் காட்டியது. பருக்கள் நிறைந்த முகத்திற்குத் தேங்காய் எண்ணெய் ஏற்றதன்று. எந்த எண்ணெயும் வெயிலுக்குக் கவசமாகாது. எண்ணெய் தடவினால் நிறம் வெளுக்கும் என்பவரும் பொய்யுரைப்பவரே. வேப்பெண்ணெயைக் குழந்தைக்குப் புகட்டவே கூடாது. நம் நாட்டில் அதனால் கைக்குழந்தைகள் நஞ்சுண்ட நிலைக்கு ஆளானதை ‘லான்செட்’ மருத்துவ இதழ் 1981-இலேயே பதிவு செய்தது. சொறி, வெடிப்பு, நீர்க்கசிவு இருந்தால் மருத்துவரிடம் செல்வதே முறை.

ஆசிரிய நண்பர்களே, எண்ணெய் தடவிய மாணவனை வகுப்பில் எவரும் எள்ளி நகையாடினால், அன்றைய அறிவியல் பாடத்தை அங்கிருந்தே தொடங்குங்கள். ஓர் உறையின் பின்புறத்தைப் படிக்கக் கற்றுக்கொடுங்கள். பெற்றோரே, வாங்குமுன் பூச்சின் அறிவிக்கை எண்ணை என்.பி.ஆர்.ஏ. இணையத்தளத்தில் சரிபாருங்கள். அதைவிட முதன்மையாக, “கறுத்துவிட்டாயே” என்ற சொல்லைப் பிள்ளையின் காதுபடச் சொல்லாதீர்கள். தோலின் வறட்சியைத் தீர்க்க ஒரு தேக்கரண்டி எண்ணெய் போதும். அச்சொல் மனத்தில் ஏற்படுத்தும் புண்ணுக்கு எந்தக் கடையிலும் பூச்சு இல்லை.

சிந்திப்போம், செயல்படுவோம்.