டின்னுக்குள் கிடக்கும் எழுத்து



உங்கள் அலுமாரியின் அடித்தட்டில் ஒரு பழைய பிஸ்கட் டின் இருக்கும். காணி உறுதியின் பிரதி, வங்கிச் சிட்டை, வெளிநாட்டுக் கடிதம் எல்லாம் அதற்குள்ளேதான். பெருநாளைக்கு வீடு துப்புரவாக்கும்போது அவற்றைக் குப்பையென்று எரித்துவிடாதீர்கள்.

அக்குறணையில் எனக்குத் தெரிந்த ராத்தா ஒருவர் 1986 முதல் 1990 வரை குவைத்தில் வேலை செய்தவர். அவர் அனுப்பிய பணத்தில்தான் வீடு எழும்பியது. இப்போது பாதி தனக்கென்கிறார் தம்பி. "1989இல் லீவில் வந்தபோது எழுதித் தந்தீர்களே" என்று ஓர் ஒப்பந்தத்தையும் காட்டுகிறார். ராத்தாவுக்குக் கையொப்பமிட்ட நினைவே இல்லை. டின்னையும் அந்த ஆங்கிலத் தாளின் பிரதியையும் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தார்.

முதலில் சிட்டைகளைப் பார்த்தோம். பூதக்கண்ணாடியை வைத்தால் ஒவ்வொரு எழுத்தும் புள்ளி புள்ளியாகத் தெரிகிறது. தாளின் இரு ஓரத்திலும் வரிசையாகத் துளைகள். இது டொட் மெட்ரிக்ஸ் அச்சு. சின்ன ஊசிகள் மை நாடாவைக் குத்திக் குத்தி எழுதும். பின்புறம் விரலால் தடவினால் சில வேளை மேடு தட்டுப்படும். ஆரம்ப கால இயந்திரங்கள் பலவற்றில் ஏழு ஊசிதான். அதனால் வை, ஜே, கியூ போன்ற ஆங்கிலச் சிறிய எழுத்துகளின் வால் கோட்டுக்குக் கீழே இறங்காது. எழுத்து முழுவதும் மேலே தூக்கிக்கொண்டு நிற்கும். 1980இல் வந்த எப்சன் எம்எக்ஸ்-80க்கு ஒன்பது ஊசி, வாலும் ஒழுங்காக இறங்கியது. ராத்தாவின் சிட்டைகளிலும் வால் இறங்கியே இருந்தது. அவர் குவைத்தில் இருந்த காலத்துக்கு அது பொருந்துகிறது.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். எழுத்து சொல்வது 'இதற்கு முன் இருக்க முடியாது' என்பதை மட்டுமே. டொட் மெட்ரிக்ஸ் இன்றும் சில கடைகளில் கரகரவென்று பில் அடிக்கிறது.

அடுத்து ஒப்பந்தம். சாதாரண டைப்ரைட்டரில் அடித்ததென்றால் ஐ என்ற ஒல்லி எழுத்துக்கும் டபிள்யூ என்ற தடித்த எழுத்துக்கும் ஒரே அகல இடம்தான் கிடைக்கும். இதில் அப்படியில்லை. எழுத்துக்குக் கால் இல்லை, முனைகள் மழுங்கி உருண்டிருந்தன. கணினி தெரிந்த என் மகள் எட்டிப் பார்த்துவிட்டு, "உம்மா, இது கலிப்ரி" என்றாள்.

அந்த எழுத்து பொதுமக்கள் கைக்குப் பரவலாக வந்தது 2007இல், மைக்ரோசொஃப்ட்டின் புதிய வேர்டோடு. 2017இல் பாகிஸ்தானில் நவாஸ் ஷரீப் குடும்பத்தின் சொத்து விசாரணையில் இதே எழுத்து பெரிய பேச்சானது. 2006 பெப்ரவரித் திகதியிட்ட பத்திரங்கள் கலிப்ரியில் இருந்ததை விசாரணைக் குழு சுட்டிக்காட்டியது. சோதனைப் பதிப்பு முன்பே சிலரிடம் இருந்தது என்று மறுதரப்பு வாதாடியது. மேன்முறையீட்டில் 2022இலும் 2023இலும் அவர்கள் விடுதலையானார்கள். ஒரு வருட இடைவெளி என்றால் இப்படி வாதாட இடமுண்டு. 1989க்கு ஏது இடம்?

அதற்காகத் தம்பியைக் கள்ளன் என்று நான் சொல்லவில்லை. பழைய தாளைப் பார்த்துப் பின்னாளில் மறுபடி அடித்திருக்கலாம். அப்படியானால் மூலப்பிரதி எங்கே? அதைத்தான் கேட்கச் சொன்னேன்.

டின்னின் அடியில் குவைத் எஜமானியின் பெக்ஸ் தாள்கள் மூன்று. மூன்றும் வெறுமை. அவை சூட்டில் கறுக்கும் மருந்து பூசிய தாள்கள். வெளிச்சமும் ஈரமும் பிளாஸ்டிக் உறையும் எழுத்தைத் தின்றுவிடும். லெமினேட் செய்தால் தாளே கறுத்துப்போகும். உங்களிடமிருந்தால் இந்த வாரமே போட்டோகொப்பி எடுத்து, மூலத்தைக் காகித உறையில் வையுங்கள். கண்டி மழைக்காலத்தில் அலுமாரிக்குள்ளும் ஈரம் ஏறும்.

பதினொரு சிட்டைகளோடு ராத்தா மத்தியஸ்த சபைக்குப் போயிருக்கிறார். மூலப்பிரதியைக் கொண்டுவரத் தம்பி ஒரு மாதத் தவணை கேட்டிருக்கிறாராம்.