பட்டா இருக்கிறது, காணி இல்லை

இரத்தினபுரி மாவட்டத்தில், இறக்குவானைப் பக்கத் தோட்டமொன்றுக்குப் போவதற்காகச் சந்தியில் ஒரு மணிநேரம் நின்றேன். அந்தப் பாதையில் பேருந்து ஓடுவதில்லை. கடைசியில் வந்தது ஒரு 'பட்டா'. பின்பெட்டிக்கு மேல் இரும்புக் குழாய்களை வளைத்துத் தார்ப்பாய் போட்டிருந்தார்கள். இரு பக்கமும் பலகை இருக்கை. அரிசி மூட்டைகளுக்கு நடுவே பாடசாலைப் பிள்ளைகள் நால்வர்.

"ஸ்பிரிங்குல ரெண்டு பட்டை கூடுதலாப் போட்டிருக்கேன் தம்பி. இல்லாட்டி இந்தக் கல்லு ரோட்டுல தாங்காது" என்றார் சாரதி.

டாட்டா ஏஸ் 2005 இல் இந்தியாவில் அறிமுகமான சிறிய லொறி. இலங்கையில் அதுதான் 'டிமோ பட்டா'. முக்கால் தொன் சரக்கு ஏற்றச் செய்த வண்டி, இங்கே கடையாகவும் பாடசாலை வண்டியாகவும் இரவில் அம்புலன்ஸாகவும் ஓடுகிறது.

காரணம் அரசியல்தான். நுவரெலியாவைப் போலன்றி, சப்ரகமுவவின் தோட்டங்கள் சிங்களக் கிராமங்களுக்கிடையே சிதறிக் கிடக்கின்றன. வாக்குப் பலமும் அப்படியே சிதறுகிறது. எனவே பேருந்தும் தார் வீதியும் கடைசியாகத்தான் வருகின்றன.

2025 ஜனவரியில், பேருந்துகளிலும் முச்சக்கரவண்டிகளிலும் மேலதிகமாகப் பொருத்தியவற்றை அகற்றப் பொலிஸார் நடவடிக்கை எடுத்தனர். பாதுகாப்பு அவசியம். சரக்குப் பெட்டியில் பிள்ளைகளை ஏற்றுவது ஆபத்து என்பது அந்தச் சாரதிக்கும் தெரியும். ஆனால் பலகையைக் கழற்றச் சொல்பவர்கள், அந்தப் பிள்ளைகள் நாளை எதில் போவார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

வண்டி வாங்குவதும் இலகுவல்ல. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதும் பழைய வண்டிகளின் விலை எகிறியது. 2025 இல் தடை தளர்ந்தாலும் வரி இறங்கவில்லை. 2024 இல் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,350 ரூபா. அதில் மிச்சம் பிடித்து வண்டி வாங்க முடியாது. கொழும்புக்கு வேலைக்குப் போன பிள்ளைகளின் காசு, நகை அடகு, லீசிங் எல்லாம் சேர்ந்துதான் ஒரு பட்டா. தவணை முடியும்வரை அதுவும் முழுதாகச் சொந்தமில்லை.

தமிழ்நாட்டில் பட்டா என்றால் காணி உரிமைப் பத்திரம். பரம்பரையாக லயத்தில் வாழ்ந்தும் இவர்களுக்குக் காணி உறுதி கிடைக்கவில்லை. அடகு வைக்க நிலமில்லாத குடும்பத்துக்கு, சக்கரத்தில் ஓடும் இந்த வண்டிதான் முதல் சொத்து.

வன்னி வாசகர்களுக்கு இது தூரத்துக் கதையல்ல. 1977 இலும் 1983 இலும் தாக்கப்பட்டு மலையகத்தை விட்டு வந்தவர்கள் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் குடியேறினார்கள். அவர்களில் பலர் இன்றும் காணி உறுதிக்காக அலைகிறார்கள்.

தோட்டப் பாதைக்கு ஒரு சிறிய பேருந்து. அதுவரை, பாதுகாப்பாக மாற்றியமைத்த வண்டிகளுக்குப் பரிசோதனையும் அனுமதியும். லயத்துக்குப் பதில் உறுதியுடன் காணி. கேட்பது இவ்வளவுதான்.

இறங்கும்போது காசு கொடுத்தேன். பிள்ளைகளிடம் அவர் வாங்கவில்லை.